சாமியார் வராத காலம்



போன மாதம் ஓரியூர் அருளானந்தரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் போனில் கூப்பிட்டீர்கள். மகிழ்ச்சி. இன்று எழுதப்போவது அவ்வளவு விறுவிறுப்பான கதை இல்லை. இதில் வாள் கிடையாது, சிறை கிடையாது, தலை வெட்டுப்படுகிற காட்சி கிடையாது. ஆனால் எனக்கு வயது ஏற ஏற, இந்தக் கதைதான் பெரிதாகத் தெரிகிறது. கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே படியுங்கள். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும் தாராளமாகப் படிக்கலாம். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்து வரலாறுதான் இது.

எழுதத் தூண்டியவள் ஒரு பழைய மாணவி. பெயர் வேண்டாம். கணவரைப் பறிகொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. "சார், அருளானந்தர் கதையைப் படிச்சேன். அவருக்கென்ன, ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு. எனக்குத் தினமும் விடியுதே. செபம் பண்ண உட்கார்ந்தா ஒரு வார்த்தைகூட வரலை" என்று எழுதியிருந்தாள். முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் நின்றவனுக்கு உடனே பதில் சொல்லிப் பழக்கம். இதற்குச் சொல்ல முடியவில்லை. பிறகுதான் ஆவூர் நினைவுக்கு வந்தது.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரும் சாலையை விட்டு மேற்கே திரும்பிப் போனால் ஆவூர். வானம் பார்த்த பூமி. பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு உங்களில் சிலர் போயிருப்பீர்கள். அந்த ஊரில் முதல் கோயிலைக் கட்டியவர் பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைக் குரு புஷே.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடினால் ஆவூரின் முதல் கோயில் 1547இல் கட்டப்பட்டது என்று வரும். எல்லாரும் அதையே நகல் எடுத்துப் போடுகிறார்கள். புஷே பிறந்ததே 1655இல். பிறப்பதற்கு நூற்றெட்டு வருஷம் முன்னால் ஒருவர் எப்படிக் கோயில் கட்டுவார்? மதுரை மிஷனை ராபர்ட் தெ நொபிலி தொடங்கியதே 1606இல்தான். புஷே ஆவூரில் இருந்தது பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், திருச்சியில் ராணி மங்கம்மாள் ஆண்ட காலத்தில். என் மாணவர்கள் யாராவது 1547 என்று எழுதினால் இப்போதும் சிவப்பு மையில் சுழிப்பேன்.

புஷேயும் அவருடைய தோழர்களும் காவி கட்டினார்கள், புலால் தொடவில்லை, நம் ஊர்ச் சந்நியாசிகளைப் போலவே வாழ்ந்தார்கள். ஆவூரிலிருந்து மார்த்தேன் என்ற குரு எழுதிய கடிதங்கள் பிரான்சில் அச்சாகிப் பலர் கைக்குப் போயின. கீரனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரை முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பாரிசில் உட்கார்ந்து யாரோ வாசித்திருக்கிறார்கள்! பிறகு வீரமாமுனிவரும் ஆவூரில் பணி செய்தார். அப்போது மதுரை மிஷனில் ஆவூர் ஒரு முக்கியமான இடம்.

முக்கியமான இடம் என்றால் பத்துப் பதினைந்து சாமியார்கள் இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மிஷன் முழுவதற்குமே அவ்வளவுதான் இருந்திருப்பார்கள். ஒரு குருவுக்குக் கீழே எத்தனையோ ஊர்கள். நடந்துதான் போக வேண்டும், இல்லையென்றால் மாட்டு வண்டி. ஆற்றில் வெள்ளம் வந்தால் நின்றுவிட வேண்டும். ஒரு கிராமத்து மக்கள் குருவின் முகத்தைப் பார்ப்பது வருஷத்தில் ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு மூன்று முறை. அந்த ஓரிரு நாளில் பாவசங்கீர்த்தனம், பூசை, கலியாணம், ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் முடிய வேண்டும். மீதி நாட்கள்?

மீதி நாட்களுக்குத்தான் வேதியர் இருந்தார். உபதேசியார் என்றும் சொல்வார்கள். அந்த ஊர் மனிதர்தான், பெண்டு பிள்ளைகளோடு குடும்பமாக இருப்பவர்தான். ஞாயிற்றுக்கிழமை சனங்களைக் கூட்டிச் செபம் சொல்வார். பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பார். சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். இறந்தவரை அடக்கம் செய்வார். இரண்டு வீட்டுக்குள் சண்டை என்றால் நடுவில் போய் நிற்பார். வீரமாமுனிவர் 1727இல் 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு நூலே எழுதினார். தேம்பாவணியைப் பற்றிப் பேசுகிறோம், சதுரகராதியைப் பற்றிப் பேசுகிறோம். இந்த நூலை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கென்னவோ, பின்னால் வந்த கெட்ட காலத்தில் மக்களைத் தாங்கியது இந்த நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள்தான் என்று தோன்றுகிறது.

கெட்ட காலம் ஐரோப்பாவில் தொடங்கியது. போர்ச்சுகலில் போம்பல் என்ற அமைச்சர் கை ஓங்கியது. 1759இல் இயேசு சபையாரைப் போர்ச்சுகலிலிருந்தும் அதன் ஆட்சிப் பகுதிகளிலிருந்தும் துரத்தினார்கள். கோவாவில் இருந்தவர்களைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். நம் பக்கம் போர்ச்சுகல் ஆட்சி இல்லாததால் இங்கே இருந்தவர்களைக் கைது செய்ய முடியவில்லை. ஆனால் அங்கிருந்து வந்த பணம் நின்றது, புது ஆட்கள் வருவது நின்றது. அடுத்துப் பிரான்சிலும் ஸ்பெயினிலும் அதே கதை. அரசர்களின் நெருக்கடி தாங்காமல் திருத்தந்தை பதினான்காம் கிளமென்ட் 1773 ஜூலை 21 அன்று இயேசு சபையையே கலைத்துவிட்டார்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த மனிதர்களைக் கலைத்தது எந்தச் சேதுபதியும் இல்லை, எந்த நவாபும் இல்லை. அவர்கள் யாருக்காக வீடு வாசலை விட்டு வந்தார்களோ அந்தத் திருச்சபையின் தலைமைதான் கலைத்தது. ஏற்கெனவே இங்கே இருந்த வயதான குருக்கள் சிலர், சபை இல்லாத சாதாரணக் குருக்களாகச் சாகும்வரை தங்கள் மக்களோடு இருந்தார்கள். ஒருவர் இறந்தால் அவர் இடத்துக்கு வர ஆள் இல்லை. பெரும்பாலும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

அதுவும் எப்படிப்பட்ட நேரம்! நவாப் பதவிக்கு நடந்த சண்டையில் 1750களிலேயே திருச்சிக் கோட்டையைச் சுற்றி வருஷக்கணக்கில் முற்றுகை. நம் தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்று தானியம் அனுப்பினார். பாடப்புத்தகத்தில் அதைக் கூட்டணி என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். தானியம் போனது குடியானவன் குதிரிலிருந்துதான். பிறகு 1781இல் ஹைதர் அலியின் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடின. ஊர் ஊராக மக்கள் ஓடினார்கள். இந்த நேரத்தில்தான் சாமியாரும் வரவில்லை.

புது இயேசு சபைக் குருக்கள் மதுரை மிஷனுக்குள் கால் வைத்தது 1838இல். 1773க்கும் 1838க்கும் இடையில் அறுபத்தைந்து வருஷம். 1773இல் பிறந்த குழந்தை 1838இல் பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

இடையில் யாருமே வரவில்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. கொடுங்கல்லூர் மறைமாவட்டத்தின் பெயரில் கோவாக் குருக்கள் சிலர் வந்தார்கள். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் அவர்களைப் பற்றி நல்லதாக அதிகம் எழுதவில்லை. நான் அதை முழுசாக நம்புவதில்லை. வந்தவர் எழுதும் வரலாற்றில் போனவர் மோசமானவராகத்தான் இருப்பார். இவ்வளவு பெரிய சீமையில் ஒரு சில பேர் அலைந்து திரிந்து என்ன செய்திருக்க முடியும்?

சரி, அந்த அறுபத்தைந்து வருஷம் ஆவூர் மாதிரி ஊர்களில் மக்கள் எப்படி இருந்தார்கள்?

நம் வீட்டுப் பெரியவர்களின் வாயில் இருந்த சொற்களைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். எங்கள் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், விசுவாச மந்திரம், பத்துக் கற்பனை, எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அவர் வாயில் கடவுள் என்ற சொல் வராது, சர்வேசுரன்தான். தெ நொபிலி காலத்துச் சொல் அது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, படுக்கையில் உட்கார்ந்து உத்தம மனஸ்தாப மந்திரம் ஒன்றைத் தவறாமல் சொல்வார். "ஏன் அப்பாயி, காலையில சொன்னா ஆகாதா?" என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "ராத்திரி உசிரு போயிட்டா சாமியாருக்கு யார்ரா ஓடுறது?" என்றார்.

எங்கள் தெருமுனையிலேயே கோயில், பக்கத்திலேயே சாமியார் வீடு. ஓடினால் இரண்டு நிமிஷம். இருந்தும் அவர் அப்படிச் சொன்னார். அந்தப் பயம் அவருடையது இல்லை என்று எனக்குப் பட்டது ரொம்ப காலம் கழித்துத்தான். அது அவருடைய பாட்டியின் பாட்டிக்கு இருந்த பயம். பாவசங்கீர்த்தனம் செய்யக் குரு இல்லாமல் சாக நேர்ந்தால் என்ன செய்வது என்பதுதான் அந்தக் காலத்துக் கத்தோலிக்கருக்கு இருந்த பெரிய கவலை. அதற்குத் திருச்சபை சொல்லிக்கொடுத்த வழி, மனசார வருந்தி அந்த மந்திரத்தைச் சொல்வது. குரு இல்லாத தலைமுறைகளுக்கு அந்த ஒரு மந்திரம்தான் கையில் இருந்த மருந்து. பயம் தேவையில்லாமல் போன பிறகும் மருந்தை மட்டும் பத்திரமாக அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

என் மாணவிக்கு நான் சொல்ல விரும்பியது இதைத்தான். மனதில் வார்த்தை ஊறி வந்தால்தான் செபம் என்று இப்போது நினைக்கிறோம். அந்தக் காலத்தில் அப்படி யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. வார்த்தை வராத நாள் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளை செத்த வீட்டில், படை வந்து வைக்கோற்போரைக் கொளுத்திய ஊரில், வார்த்தை எங்கிருந்து வரும்? அதற்காகத்தான் வார்த்தையைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்து வைத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லாத அன்றைக்கும் உதடு சொல்லும். பக்கத்தில் நான்கு பேர் சேர்ந்து சொன்னால், விட்ட இடத்தை அவர்கள் நிரப்புவார்கள். மனப்பாடத்தைக் கேலி செய்கிற காலம் இது. நானே பள்ளிக்கூடத்தில் "புரிந்து படி, உருப்போடாதே" என்று கத்தியவன்தான். வாய்ப்பாட்டுக்கு அது சரி.

எல்லாரும் உறுதியாக நின்றார்கள் என்று கதை கட்ட மாட்டேன். எவ்வளவோ பேர் மெல்ல மெல்ல விலகிப் போனார்கள். திருச்சியிலும் தஞ்சையிலும் ஷ்வார்ட்ஸ் ஐயர் சீர்திருத்தச் சபையை வளர்த்தது இதே காலத்தில்தான். அந்தப் பக்கம் போனவர்களும் உண்டு. நம் சம்பந்தி வீட்டார் சிரிக்க வேண்டாம். இருந்தவர்களிடமும் குறை இல்லாமல் இல்லை. கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி உட்கார்ந்தார்கள். உயர்சாதிக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று மிஷனே தொடக்கத்தில் வகுத்துக் கொடுத்த பழக்கம் அது. சாமியார் வராத காலத்திலும் அந்தப் பழக்கம் மட்டும் குறையாமல் இருந்தது. நம்பிக்கையை மூடிப் பாதுகாத்த அதே துணியில் இந்த அழுக்கையும் சேர்த்துத்தான் முடிந்து வைத்தார்கள். இதை எழுதாமல் விட்டால் வரலாற்று ஆசிரியன் என்ற பெயருக்கு அர்த்தமில்லை.

இதே காலத்தில் தென்னிந்தியாவில் துபுவா என்றொரு பிரெஞ்சுக் குரு இருந்தார். 1792இல் வந்தவர், பெரும்பாலும் மைசூர்ச் சீமையில் பணி செய்தார். நம் உடை உடுத்தி, நம் உணவு உண்டு, முப்பது வருஷம் மக்களோடு மக்களாகத் திரிந்தவர். நம் பழக்க வழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அவர் 1823இல் ஊருக்குத் திரும்பினார். அதே வருஷம் லண்டனில் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தன. இந்தியாவில் கிறிஸ்தவம் பரவ இனி வழியே இல்லை, இருப்பதும் தேய்ந்துகொண்டுதான் போகிறது என்பதுதான் அதன் சாரம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உழைத்துக் களைத்தவர், கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். குருக்கள் இல்லை, பணம் இல்லை, கோயில்கள் பாழாகக் கிடந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. படித்த மனிதர் கணக்குப் பார்த்து நம்பிக்கை இழந்துவிட்டார். ஆவூர்ப் பக்கத்து வேதியருக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சனங்களைக் கூட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த வேலை, அதைச் செய்துகொண்டிருந்தார். அவருக்கு அது நம்பிக்கையாகத் தோன்றியிருக்குமா என்பதுகூட எனக்குச் சந்தேகம்தான். அப்பா செய்தார், நான் செய்கிறேன், அவ்வளவுதான் இருந்திருக்கும்.

ஒரு வேடிக்கை: துபுவா பாரிசில் வெளிநாட்டு மிஷன் குருமடத்துக்கு 1836இல் தலைவரானார். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் மதுரை மிஷனுக்குப் புதுக் குருக்கள் கப்பல் ஏறினார்கள்.

1814இல் திருத்தந்தை ஏழாம் பத்திநாதர் இயேசு சபைக்கு மறுபடி உயிர் கொடுத்திருந்தார். ஆனாலும் நம் பக்கம் ஆள் வந்து சேர இன்னும் இருபத்து நான்கு வருஷம் ஆனது. 1837 கடைசியில் புதுச்சேரியில் இறங்கியவர்கள் நாலே நாலு பேர்: பெர்த்ராந், கார்னியே, மார்த்தேன், து ராங்கே. காவேரிக் கரையிலிருந்து கன்னியாகுமரி வரை அந்த நால்வர் பொறுப்பு.

போன இடங்களில் மக்கள் இருந்தார்கள். மந்திரம் தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்குப் புனிதர்களின் பெயர் வைத்திருந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு ஜப்பான் ஞாபகம் வரும். அங்கே 1614இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. 1865 மார்ச் 17 அன்று நாகசாகியில் புதிதாகக் கட்டிய கோயிலுக்கு ஒரு சிறு கூட்டம் வந்து, பெத்திழான் என்ற குருவிடம் தங்கள் மனதிலும் அதே விசுவாசம்தான் என்று சொன்னது. இருநூறு வருஷத்துக்கு மேல் குருவே இல்லாமல், பெரியவர்கள் ஞானஸ்நானம் கொடுத்துக் காப்பாற்றியிருந்தார்கள். உலகமே அதைப் பற்றிப் பேசியது. நம் கதையை யாரும் பேசவில்லை. அங்கே மக்களை வேட்டையாடினார்கள், ஒளிந்து வாழ்ந்தார்கள். இங்கே பெரிய துன்புறுத்தல் ஒன்றும் கிடையாது. ஆள் வரவில்லை, அவ்வளவுதான். அடி விழும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க ஒரு வீறாப்பாவது துணைக்கு வரும். நம்மை யாரும் நினைக்கவே இல்லை என்கிறபோது அந்த வீறாப்பும் கிடைக்காது. கணவரை இழந்த பெண்ணின் இரண்டாம் வருஷம் இந்த மாதிரிதான் என்று நினைக்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு தொடங்குவது அது.

வந்த நால்வரின் கதையும் சுகமாக முடியவில்லை. ஊர்களில் கோவாக் குருக்களுக்கு ஒரு கட்சி, புதுக் குருக்களுக்கு ஒரு கட்சி. கோயில் சாவி யார் கையில் என்று கோர்ட்டு வரை போனார்கள். சில ஊர்களில் இரண்டு கோயில் ஆனது. அறுபத்தைந்து வருஷம் சாமியாருக்காகக் காத்திருந்த சனம், சாமியார் வந்ததும் சண்டை போட்டது! அந்தப் பிளவு ஆற ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்கு நடுவில் காலரா வேறு. பத்து வருஷம் ஆவதற்குள் நால்வரில் மூவர் இறந்தார்கள். திருச்சியில் இருந்த கார்னியே 1843இல் போனார். பெர்த்ராந் ஒருவர்தான் மிஞ்சி, பிறகு மதுரை மிஷனின் வரலாற்றை எழுதினார். அவர் அச்சிட்ட பழைய கடிதங்கள் இல்லையென்றால் இன்று எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

கார்னியே இறந்த அடுத்த வருஷம், 1844இல், அதே சபையார் நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். 1883இல் அது திருச்சிக்கு வந்தது. தூய வளனார் கல்லூரி. உங்களில் பத்துப் பதினைந்து பேராவது அங்கே படித்தவர்கள். ஆட்களைப் புதைத்த மண் காயுமுன்னே பள்ளிக்கூடத்துக்கு அடித்தளம் போட்டவர்களைப் பற்றி அங்கே யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

ஆனால் எனக்குக் குருக்களைவிட வேதியர்கள் மேல்தான் ஆசை. புஷேக்குப் பெயர் இருக்கிறது, கார்னியேக்குப் பெயர் இருக்கிறது. ஹைதர் அலி படையெடுத்த வருஷத்தில் ஆவூரில் ஞாயிற்றுக்கிழமை சனங்களைக் கூட்டியவர் பெயர் என்ன? அவர் மனைவி பெயர் என்ன? பெண் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் அந்த அம்மாவாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் உறவிலும் மாணவர்கள் வீட்டிலும் உபதேசியார் குடும்பம், கோயில்பிள்ளை குடும்பம் என்று பெயர் உள்ள வீடுகள் இருக்கின்றன. பரணில் பழைய செபப் புத்தகம், ஓலைக்கட்டு, முதல் பக்கத்தில் பிறப்பு இறப்பு குறித்து வைத்த நோட்டு ஏதாவது கிடந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஓலையை எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டாம், தண்ணீரும் படக்கூடாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த பழைய மந்திரங்களைச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். சொல் மாறியிருந்தால் திருத்தாதீர்கள், அப்படியே இருக்கட்டும். இந்த வருஷம் தேருக்கு நான் ஆவூருக்கு வருகிறேன். வருபவர்கள் முன்கூட்டியே சொன்னால் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் சேர்ந்துகொள்ளலாம்.